திருநள்ளாற்றில் பதினொரு மாதக் கணக்கு

என் அக்காவின் மகனுக்கு மீன ராசி. சனி பகவான் மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் பெயர்ந்தால் மீனத்துக்கு ஏழரைச் சனி தொடங்கிவிடும். அந்தப் பெயர்ச்சி, இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி 2023 ஜனவரி 17 அன்றும், எண்களைச் சொற்களில் பொதிந்த பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி அதே ஆண்டு டிசம்பர் 20 அன்றும் நிகழ்ந்தது. பையனுக்கு வேலை போனதோ இரண்டுக்கும் இடையில், ஆடி மாதத்தில். போனது ஏழரையின் கணக்கில் சேர்ந்ததா, இல்லை ஏழரை இனிமேல்தான் வந்து தன் பங்கைக் கேட்கப்போகிறதா என்ற கவலை அக்காவை உறங்கவிடவில்லை. பள்ளியில் முப்பது ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என்னையும் துணைக்கு அழைத்தாள். 2024 தை மாதத்து முதல் சனிக்கிழமையன்று கும்பகோணத்தில் காரைக்கால் பேருந்தில் ஏறினோம்.

நாச்சியார்கோயில் தாண்டியதும், பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் நாங்கள் போகுமிடத்தைக் கேட்டறிந்து பேசத் தொடங்கினார். திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன என்றும், நாசாவே வியந்து போயிற்று என்றும் சொன்னார். ஜெனீவாவில் அணுத்துகள் ஆராயும் கூடத்தில் நடராசர் சிலை வைத்திருக்கிறார்களே, நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்றும் கேட்டார். அக்கா பக்தியோடு தலையசைத்தாள். என்னால் முடியவில்லை.

தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. மூன்று நொடியில் திருநள்ளாற்றிலிருந்து நாகப்பட்டினம் அளவுக்குப் போய்விடும். அந்த வேகம்தான் அதை விழாமல் காக்கிறது, நின்றால் விழவேண்டியதுதான். ஓரிடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. திருநள்ளாறோ நடுக்கோட்டிலிருந்து பதினோரு பாகை வடக்கே இருப்பதால், அவற்றில் எதுவும் இந்தக் கோபுரத்துக்கு நேர் மேலே நிற்க வழியில்லை. நடராசர் சிலை 2004இல் இந்திய அரசு அளித்த அன்பளிப்பு. ஓர் உவமையின் அழகை அங்குள்ளவர்கள் மதித்தார்கள் என்பதற்கு அது சான்றாகலாம், தில்லைவாழ் அந்தணர்கள் அணுவைப் பிளந்தார்கள் என்பதற்கு ஆகாது. இதையெல்லாம் கேட்ட இளைஞர், "அப்படியென்றால் ஒன்றுமே இல்லையா சார்?" என்று சற்று வருத்தத்தோடு கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது.

சன்னலைக் காட்டினேன். சம்பா அறுவடையான வயல்களும் பனைமரங்களும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தன. படகில் முன்னே செல்பவனுக்குக் கரையில் அசையாது நிற்பவை பின்னே செல்வதாகத் தோன்றுவது போல, சுழலும் பூமியிலிருந்து பார்ப்பவனுக்கு விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்று 499இல், தமது இருபத்து மூன்றாம் வயதில், ஆரியபட்டர் எழுதினார். இதை முன்கூட்டிச் சொன்னது என்று தாராளமாகக் கொள்ளலாம். ஆனால் 628இல் பிரம்மகுப்தர் அதை ஏற்க மறுத்து எழுதினார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மரபு ஒரே குரலில் பேசியதில்லை. நம்மவர் கருத்தை நம்மவரே மறுத்தார்கள். செயற்கைக்கோள் கதையை விட அந்தச் சண்டைதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நளதீர்த்தத்தில் நீராடி, முதலில் தர்ப்பாரண்யேசுவரரையும் அம்பாளையும் தரிசித்தோம். மதுரையில் சமணரோடு நடந்த அனல்வாதத்தில் சம்பந்தர் நெருப்பிலிட்டும் கருகாத பச்சைப் பதிகம் இத்தலத்துக்குரியது. 'போகமார்த்த பூண்முலையாள்' என்று அம்பாளின் பெயரோடு அது தொடங்குகிறது. தியாகராசர் விடங்கர் என்ற பெயரோடு ஆடும் ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. நகவிடங்கப் பெருமானின் உன்மத்த நடனத்துக்கு முன்னே கண்மூடி நின்றபோது, இந்த ஆட்டத்துக்கு எந்த ஆய்வுக்கூடத்தின் கையொப்பமும் தேவையில்லை என்று பட்டது. சனி பகவானின் சந்நிதி சிறியது, வரிசைதான் பெரியது. எள் தீப வாசனையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தோம். மெதுவாக நடப்பவன் என்ற பொருளில் வடமொழியில் அவனுக்குச் சனைச்சரன் என்று பெயர். அதுதான் நம் வாயில் சனீச்சரன் ஆகி, ஈசுவரப் பட்டமும் பெற்றது. யாரோ ஒருவர், தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, இருப்பவற்றுள் இதுவே மெதுவானது என்று கண்டறிந்திருந்தால்தான் அந்தப் பெயர் வந்திருக்க முடியும்.

வரிசையில் நின்றபடியே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு யுகத்தில் சனி 1,46,564 முறை சுற்றுகிறது என்பது ஆரியபட்டர் தந்த எண். வகுத்தால் ஒரு சுற்றுக்கு 29.475 ஆண்டுகள் வருகின்றன. இன்றைய அளவு 29.457. வேறுபாடு ஏறத்தாழ ஏழு நாள்தான். முப்பது ஆண்டில் ஏழு நாள் என்பது சொற்பமே. ஆனால் 499இலிருந்து 2023 வரை சனி ஏறக்குறைய 52 சுற்றுகளை முடித்திருக்கிறது. சுற்றுக்கு ஏழு நாளென்றால் கிட்டத்தட்ட ஓராண்டு பின்தங்கல்! அக்காவை உறங்கவிடாத இடைவெளியும் பதினொரு மாதமே. இது முரட்டுக் கணக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்கிய முறையில் பின்வந்தோர் செய்த திருத்தங்கள் உண்டு. இராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதிலும் பேதம் உண்டு. எனினும் துல்லியமான ஓர் எண்ணிலுள்ள சிறு பிழை, திரும்ப வானத்தைப் பார்த்துத் திருத்தாவிட்டால் எவ்வளவு வளரும் என்பது இதில் தெரிகிறது.

திருநள்ளாறு புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் லெ ஜான்தியின் நினைவும் வந்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்த இந்தப் பிரெஞ்சு வானியலாளர் 1761இல் போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் போய், அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். 1769இல் புதுச்சேரியில் சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. (அவருக்கு என்ன ராசியோ.) அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவை ஒரு தமிழ்க் கணிதர் 41 நொடி குறைவாகச் சொல்லியிருந்தார், ஐரோப்பிய வானியலாளர் மேயரின் அட்டவணையோ 68 நொடி கூடுதலாகச் சொன்னது. 1825இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் வாரன் கண்ட மற்றொரு பஞ்சாங்கக்காரர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே கிரகணம் கணித்தார். ஆனால் அந்த வாக்கியங்களுக்குப் பின்னாலிருந்த வானியல் அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். நாம் கைவிட்டது எதை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: விடை கையில் இருந்தது, வழி மறந்துபோயிற்று.

அக்கா குருக்களிடம் தன் ஐயத்தைக் கேட்டேவிட்டாள். "இந்தக் கோயிலுக்கு வாக்கியம்தாம்மா. டிசம்பர்லதான் பெயர்ச்சி ஆச்சு. ரெண்டு கணக்கா இருந்தா என்ன, அவர் ஒருத்தர்தானே? பையன் பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பேருந்து மேற்கு நோக்கிச் சென்றது. அம்பகரத்தூர் தாண்டியபோது இருட்டிவிட்டது. வயல்களுக்கு மேலே, தாழ்வாக, சிமிட்டாமல் ஒரு வெளிறிய புள்ளி நின்றது. அதுதான் சனி என்று காட்டினேன். அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வயதுக்கு அவள் அதை வானத்தில் பார்த்ததே இல்லை.

"நகரவே இல்லையேடா?"

"முழுநிலவின் அகலத்தைக் கடக்கவே அதற்குச் சராசரியாகப் பதினைந்து நாள் ஆகும் அக்கா."

பையிலிருந்த எள் சாதப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் பாதியைத் தந்துவிட்டு, பூந்தோட்டம் வரும்வரை அவள் அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.