நெடுந்தூர பைக்குக்கு ஆயில் வெப்பமானி: சென்சாரை எங்கே பொருத்துவது?

ஏர் கூல்டு இன்ஜின் (காற்று பட்டே குளிரும் இன்ஜின்) உள்ள பைக்கில், பின்னிருக்கையில் ஆளும் இருபுறமும் பெட்டிகளுமாக நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஸ்பீடோமீட்டருக்கு அடுத்தபடியாக மிகவும் பயன்படும் கருவி ஆயில் வெப்பமானிதான் என்று உறுதியாக நம்புகிறேன். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட் அளவுக்கு மீறிச் சூடானால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஏர் கூல்டு வண்டிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. பிஸ்டனின் அடிப்பக்கத்திலும் சிலிண்டர் ஹெட்டிலும் சேரும் வெப்பத்தில் கணிசமான பங்கை ஆயில்தான் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரியாமல், ஏற்றமான சாலையில் மணிக்கணக்காக இன்ஜினை இழுக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைப் பொருத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த மீட்டர் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மீட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சென்சார் எங்கே உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே இன்ஜினில் ஒரே நேரத்தில் இடத்துக்கு இடம் ஆயிலின் வெப்பம் மாறுகிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து வடிந்து இறங்கும் ஆயில் மிகவும் சூடாக இருக்கும். ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைக் கடந்து திரும்பும் ஆயில் அதைவிடக் குறைவாகக் காட்டும். இவையெல்லாம் கலந்து தேங்கும், இன்ஜினின் அடியிலுள்ள சம்ப்பில் இடைப்பட்ட ஓர் அளவு கிடைக்கும். ஆகவே இன்னொருவருடைய வண்டி 105 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது, என்னுடையது 118 காட்டுகிறது என்று கவலைப்படுவதற்கு முன், இருவரும் ஒரே இடத்தில்தான் அளக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் இடம் சம்ப்தான். அங்கே அளப்பதற்கு எளிய வழி, பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே மரையில் நடுவே சென்சார் ஏறும்படி துளையிட்ட போல்ட்டைப் பொருத்துவது. இதில் ஒரு குறையும் உண்டு: கரடுமுரடான பாதையில் முதலில் கல் அடி வாங்கும் இடம் அதுவே. இன்ஜின் அடிக்கவசம் இல்லாத வண்டியில், அதிலும் போல்ட் நேராகக் கீழ்நோக்கி இருந்தால், இந்த வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆயில் செல்லும் வழியில் பக்கவாட்டில் மூடியிட்ட துளை ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் தலையிலேயே முள் காட்டும் வகை வெப்பமானிக்கு வயரே தேவையில்லை என்பது நல்ல விஷயம்தான், ஆனால் ஓட்டும்போது குனிந்து அதைப் படிக்க முடியாது.

மரை விஷயத்தில் அவசரமே கூடாது. டிரெய்ன் போல்ட் 12 அல்லது 14 மில்லிமீட்டர் என்று விட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. மரைகளுக்கு இடையிலான தூரம் 1.25 மில்லிமீட்டரா 1.5 மில்லிமீட்டரா என்பதையும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சென்சாரின் மரையோ இன்னும் நுணுக்கமானது. எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரைத் தரம்) மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று. அதே அளவு பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரைத் தரம்) மரையில் 28. கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் இரண்டொரு சுற்று சுலபமாக உள்ளே போய்விட்டுப் பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைச் சரியான இறுக்கம் என்று எண்ணி ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் அழுத்தினால், அலுமினியத்தில் வெட்டிய மரை நாசமாகும், சில சமயம் துளையைச் சுற்றி விரிசலே விடும். சென்சாரின் முனை உள்ளே எதிலும் இடிக்காமலும் ஆயிலில் முழுகியும் இருக்கிறதா என்பதைப் பழைய போல்ட்டின் நீளத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒற்றை வயர் சென்சார்களுக்கு எர்த் கிடைப்பது அவற்றின் உடல் வழியாக, அதாவது அந்த மரை வழியாகத்தான். ஒழுகக்கூடாது என்று மரையைச் சுற்றி டெஃப்லான் டேப்பை வரிந்து கட்டினால் எர்த் பலவீனமாகும். இத்தகைய சென்சார்களில் பெரும்பாலானவற்றில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும். எர்த் சரியில்லாமல் தடை கூடும்போது, ஆயில் உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாக மீட்டர் காட்டும். வயரே அறுந்துபோனாலும் முள் கீழ்க்கோடியில்தான் நிற்கும். கொதிக்கும் ஆயிலோடு ஓடிக்கொண்டிருக்கையில் எல்லாம் நலம் என்று சொல்லும் மீட்டர், மீட்டரே இல்லாததைவிட ஆபத்தானது.

அதனால் வண்டியில் பொருத்துவதற்கு முன்பே சோதித்துவிடுவது என் வழக்கம். சென்சாரின் உடலைத் தனி வயரால் பேட்டரியின் நெகட்டிவோடு இணைத்து, வயர் முனை நனையாதபடி அதைக் கொதிநீரில் தொங்கவிட்டால் கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் கொதிநிலை குறையும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் போனால், அந்த மீட்டருக்கு உரிய சென்சார்தானா அது என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு ஜோடிகளைக் கலந்தால் சரிவராது.

மின்சாரத்தை இக்னிஷன் சுவிட்ச் போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து, எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே சிறிய ஃபியூஸ் வைத்து எடுக்கலாம். வயரை சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடவில்லை என்றால் மட்டும் கட்ட வேண்டும்.

இனிச் சாலையில் அதை எப்படிப் படிப்பது? சம்ப்பில் 90 முதல் 120 வரை இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 20டபிள்யூ-50 ஆயிலின் பெயரில் உள்ள 50 என்பதே 100 டிகிரியில் அளந்த பிசுபிசுப்பைக் குறிக்கும் தரம். அந்தச் சூட்டில் வேலை செய்வதற்கென்றே அது செய்யப்பட்டிருக்கிறது. குறுகிய ஓட்டங்களில் 70 டிகிரியோடு நின்றுவிடும் ஆயிலில் ஈரம் முழுதாக வெளியேறாமல் தங்கும் என்பதால், குறைந்த வெப்பமும் கவனத்துக்குரியதே. மறுபக்கம், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆயில் துறையில் புழங்கும் கணக்கு. 130ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் கியரைக் குறைத்து இன்ஜினை இலகுவாகச் சுழலவிட்டு, வேகத்தைத் தணித்து ஓட்டுவேன். நெரிசலில் நகராமல் நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிடுவேன்.

ஆயில் நிதானமாகச் சூடாகும், நிதானமாகவே ஆறும். ஏற்றம் முடிந்து சற்று நேரம் கழித்தும் முள் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதே பாதை, அதே சுமை, அதே வெயில், ஆனால் வழக்கத்தைவிட 10 டிகிரி அதிகம் என்றால் அதுதான் பொருட்படுத்த வேண்டிய செய்தி. வண்டியை ஓரங்கட்டி, ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, கூலரின் இடுக்குகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கலாம். பின்காற்று வீசும் நாளில் அதே வேகத்திலும் இன்ஜின்மேல் படும் காற்று குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிரெய்ன் போல்ட்டில் சென்சார் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும்போது முதலில் வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் போல்ட்டோடு சேர்ந்து வயரும் முறுக்கிக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது புதிய வாஷர் போட்டு, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மட்டும் இறுக்கி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும்.