ஆரியர் எங்கிருந்து வந்தனர்: ஒரே கேள்வியை மூன்றாகப் பிரித்துப் படித்த அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே எழுதியவன் நான். பண்டைய இந்தியப் பகுதியில் ஆரியர் பற்றிய தலைப்பைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். பள்ளிப் பேச்சுப் போட்டியிலிருந்து டீக்கடை பெஞ்சு வரை கேட்டு வளர்ந்த விஷயம்தானே, இதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் மாதிரித் தேர்வில் அதே தலைப்பு 20 மதிப்பெண் கேள்வியாக வந்தது. மூன்றரைப் பக்கம் எழுதினேன். கிடைத்தது 4. திருத்திய ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முடிவு இருக்கிறது, சான்று எங்கே?"

என்னுடன் படித்த நண்பர் எனக்கு நேர் எதிரான முடிவை எழுதியிருந்தார். வேத மக்கள் இந்த மண்ணிலேயே தோன்றியவர்கள், வெளியிலிருந்து வந்தார்கள் என்பது ஆங்கிலேயர் கட்டிய கதை என்பது அவர் வாதம். அவருக்கும் 4 மதிப்பெண்தான். இருவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான், மதிப்பெண்ணைக் குறைத்தது எங்கள் முடிவு அல்ல என்பது புரிந்தது. படிக்கத் தொடங்கும் முன்பே எங்கள் இருவருக்கும் விடை தெரிந்திருந்தது. இந்தத் தலைப்பைப் படிக்கப் போகும் தமிழ் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த விடையைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம், அது சரியாகக்கூட இருக்கலாம்.

அடுத்ததாக, "ஆரியர் எங்கிருந்து வந்தார்கள்" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேத மொழியின் மூதாதை மொழி எங்கே பேசப்பட்டது? அதைப் பேசிய மனிதர்கள், உடலும் இரத்தமுமாக, எங்கிருந்து வந்தார்கள்? ரிக் வேதம் என்ற நூல் எந்த நிலத்தில் இயற்றப்பட்டது? முதல் கேள்விக்கு மொழியியல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு எலும்பும் டி.என்.ஏ.யும். மூன்றாவதற்கு அந்த நூலே பதில் சொல்லும். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குப் பதிலாக எழுதியதுதான் நாங்கள் செய்த தவறு. மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் அன்றாடம் நடப்பதும் இதே தவறுதான்.

மூன்றாவது கேள்விதான் சுலபம். ரிக் வேதத்தின் 1028 பாடல்களில் வரும் ஆறுகளைப் பார்த்தால் போதும். சிந்து, அதன் கிளைகள், ஆப்கானிஸ்தானத்தின் காபூல் ஆறு, கிழக்கே யமுனையும் கங்கையும். அது பாடும் பத்து அரசர் போர் நடந்தது பருஷ்ணி ஆற்றங்கரையில். அது இன்றைய ராவி. நூல் பிறந்தது பஞ்சாபும் அதைச் சுற்றிய நிலமும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. இதை விடையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மொழிக் கேள்விக்கு அது பிறந்த கதையோடு தொடங்குவது நல்லது. 1786இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816இல், சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று நிறுவினார். நம்மில் பலர் நேராகக் கால்டுவெல்லின் 1856 ஒப்பிலக்கண நூலுக்குப் போய்விடுகிறோம். எல்லிஸை விட்டுவிடாதீர்கள். இவை எல்லாம் மொழிக் குடும்பங்களைப் பற்றிய பேச்சு. பிறகுதான் மொழிக்கு வைத்த பெயர் இனத்தின் பெயராக மாறியது. அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான மாக்ஸ் முல்லரே, ஆரியம் என்பது மொழியைக் குறிப்பது, இரத்தத்தையோ மண்டையோட்டையோ அல்ல என்று பின்னாளில் எச்சரித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மொழி எப்படி இனமானது என்பதற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் வேத மக்களின் பகைவர்களான தஸ்யுக்களைக் குறித்து "அநாஸ" என்று ஒரு சொல் வருகிறது. இதை "அ + நாஸ" என்று பிரித்தால் மூக்கில்லாதவர்கள். அங்கிருந்துதான் 'சப்பை மூக்குப் பூர்வகுடிகள்' என்ற சித்திரம் 19ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டது. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய சாயணர் "அந் + ஆஸ" என்று பிரித்தார். அப்படியானால் வாயில்லாதவர்கள், அதாவது புரியும்படி பேசத் தெரியாதவர்கள். ஒரு சொல்லை எங்கே வெட்டுகிறோம் என்பதில் ஒரு முழு இனக் கோட்பாடு நிற்கிறது. ஆரிய இனக் கோட்பாட்டை மறுத்து 1946இல் எழுதிய அம்பேத்கர் இந்தச் சொல்லையும் எடுத்து விவாதித்திருக்கிறார். சந்தி பிரித்துப் பழகிய நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். ஒரு பத்தி கொடுங்கள், தகும்.

மொழிச் சான்றுகளில் என்னை உட்கார வைத்தது மிதன்னி, இன்றைய வடக்குச் சிரியாவில் இருந்த ஒரு பழைய அரசு. துருக்கியின் போகஸ்கோயில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட்டு அரசனும் மிதன்னி அரசனும் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்கிறது. அதில் சாட்சியாக அழைக்கப்படும் தெய்வங்களுள் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் இருக்கிறார்கள். இதுவரை எல்லாக் கையேடுகளிலும் இருக்கும். அதே ஊரில் கிடைத்த இன்னொரு பலகையை யாரும் விரித்துச் சொல்வதில்லை. கிக்குலி என்ற மிதன்னிக்காரர் குதிரைகளைப் பழக்குவது பற்றித் தந்த குறிப்பு அது. குதிரையை எத்தனை சுற்று ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ஐகவர்தன்ன, தேரவர்தன்ன, பன்சவர்தன்ன, சத்தவர்தன்ன, நவர்தன்ன என்று வருகிறது. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. வாய்விட்டுப் படித்தாலே ஏகம், பஞ்சம், சப்தம், நவம் காதில் விழும். பழைய ஈரானிய மொழியில் ஒன்றுக்கு 'ஐவ', ஏழுக்கு 'ஹப்த'. எனவே இந்தச் சொற்கள் ஈரானியக் கிளை அல்ல, இந்தியக் கிளை. நூலகத்தில் இதைப் படித்த அன்று வேறெதுவும் படிக்க ஓடவில்லை. சிரியாவின் வடக்கே, ஒரு குதிரைக்காரர் வாயில், நமக்குத் தெரிந்த எண்கள்!

ஆனால் இது எதைக் காட்டுகிறது? கி.மு. 14ஆம் நூற்றாண்டுக்குள் இந்தியக் கிளை ஈரானியக் கிளையிலிருந்து பிரிந்துவிட்டது என்பதை. எதைக் காட்டவில்லை? திசையை. மத்திய ஆசியாவிலிருந்து ஒரு பிரிவு மேற்கேயும் ஒரு பிரிவு கிழக்கேயும் போயிருக்கலாம். இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மேற்கே போனது என்று, இந்தியாவே தாயகம் என்பவர்களும் இதே பலகையைக் காட்டுவார்கள். அன்றுதான் என் குறிப்பேட்டின் முறையை மாற்றினேன். ஒரு சான்றுக்கு ஒரு பக்கம். நடுவில் கோடு. இடப்பக்கம் "காட்டுவது", வலப்பக்கம் "காட்டாதது". வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தச் சான்றை நான் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

திசையை முடிவு செய்ய மொழியியலாளர்கள் வேறு தடயங்களைப் பார்க்கிறார்கள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பெரும்பாலான கிளைகள் மேற்கே இருக்கின்றன. இந்தியாவில் ஒரே கிளை. நாவை மடித்து ஒலிக்கும் ட, ண ஒலிகள் வேத மொழியில் உண்டு. அதன் உடன்பிறப்பான, ஈரானியரின் பழைய மறைநூல் அவெஸ்தாவின் மொழியில் இல்லை. அவை இங்கே வந்த பிறகு இங்கிருந்த மொழிகளின் தொடர்பால் ஒட்டியவை என்பது பெரும்பான்மைக் கருத்து. மயூரம் என்பது மயிலோடும், கதிரடிக்கும் இடத்துக்கு வேதத்தில் வரும் 'கல' (khala) என்ற சொல் நம் 'களம்' என்ற சொல்லோடும் உறவுடையவை என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இங்கே தமிழ் மாணவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ரிக் வேதத்தின் மிகப் பழைய பகுதிகளில் உள்ள கடன் சொற்கள் திராவிடம் அல்ல, நடு, கிழக்கு இந்தியப் பழங்குடிகளின் முண்டா மொழிகளை ஒத்த வேறொன்று என்று சமஸ்கிருத அறிஞர் மைக்கேல் விட்செல் வாதிடுகிறார். இதை எழுதாமல் விட்டால் விடை ஒருதலையாகிவிடும். எழுதும்போது எனக்கு மனம் கொஞ்சம் வலித்தது உண்மை. இருந்தாலும் எழுதினேன்.

அகழாய்வுப் பக்கம் வந்தால், "படையெடுப்பு" என்ற சொல்லை, அந்தக் கருத்தின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் தவிர வேறெங்கும் எழுதாதீர்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளைப் பார்த்து, அது ஆரியர் செய்த படுகொலை, இந்திரனே குற்றவாளி என்று தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1947இல் எழுதினார். 1964இல் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்தப் படுகொலையைக் கற்பனை என்று காட்டினார்: எலும்புகள் ஒரே காலத்தவை அல்ல, கோட்டைப் பகுதியில் போர் நடந்த தடயம் இல்லை. தவிர, சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் தளர்ந்துவிட்டன. ரிக் வேதத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலம் கி.மு. 1500ஐ ஒட்டியது. இடையே சில நூற்றாண்டுகள். இன்று அறிஞர்கள் பேசுவது சிறு சிறு கூட்டங்களாக, நீண்ட காலம் நடந்த குடிபெயர்வு. நான் முதல் தாளில் மூன்று இடத்தில் "படையெடுத்து வந்த" என்று எழுதியிருந்தேன். மூன்றும் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன.

ரிக் வேதத்தில் குதிரைக்குப் பெரிய இடம் உண்டு; ஹரப்பா மக்களிடம் அது இருந்ததா என்பதுதான் சண்டை. அதற்குக் குஜராத்தின் சுர்கோட்டடா போதும்: அங்கே கிடைத்த எலும்பு பழக்கிய குதிரையுடையது என்றார் விலங்கெலும்பு ஆய்வாளர் போகோனி, அதே துறையின் ரிச்சர்ட் மெடோ ஏற்கவில்லை. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் கிடைத்த வண்டிகளைத் தேர் என்று எழுதுவதற்கு முன், அவற்றின் சக்கரங்களில் ஆரக்கால்கள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிந்தைய வேத காலத்தோடு இணைத்துப் பேசப்படும் ஓவியம் தீட்டிய சாம்பல் நிற மட்பாண்டத்துக்கு ஹஸ்தினாபுரத்தையும், பிந்தைய ஹரப்பாவோடு அது கலந்து கிடைக்கும் பகவான்புராவையும் வரைபடத்தில் குறிக்கப் பழகுங்கள். வரைபடக் கேள்வி 50 மதிப்பெண், ஓர் இடத்துக்கு 2.5, இந்தத் தலைப்பில் படிப்பது அங்கேயும் கைகொடுக்கும். இன்னொன்று: தொல்லியலாளர் பி.பி. லால் பெயரை எழுதினால் காலத்தையும் எழுதுங்கள். ஹஸ்தினாபுரத்தைத் தோண்டிய 1950களின் லாலும், ஹரப்பா மக்களே வேத மக்கள் என்று பிற்காலத்தில் வாதிட்ட லாலும் ஒரே கருத்தினர் அல்ல.

டி.என்.ஏ.யில்தான் மிகுந்த நிதானம் தேவை. 2019 செப்டம்பரில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. ஆசிரியர்களில் பலர் இரண்டிலும் இருந்தவர்கள். ஒன்று, ஹரியானாவின் ஹரப்பா கால நகரமான ராக்கிகடியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் மரபணுவைப் படித்தது. அவரிடம் ஸ்டெப்பிப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை. மத்திய ஆசியாவின் வடக்கே உள்ள அந்தப் புல்வெளியிலிருந்து வந்தவர்களே ஆரிய மொழியைக் கொண்டுவந்தவர்கள் என்பது குடிபெயர்வுக் கருத்து. மற்றொன்று 523 பழங்கால மனிதர்களின் மரபணுவைக் கொண்டு, கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே ஸ்டெப்பிக் கலப்பு தெற்காசியாவுக்குள் வந்தது என்றது. சில செய்திகள் "ஆரியர் வரவில்லை" என்றன; சில "வந்தது உறுதி" என்றன. கட்டுரைகளின் சுருக்கத்தையாவது நேரில் படித்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது தெரியும். ஹரப்பா காலத்துப் பெண்ணிடம் இல்லாதது பிற்காலத்தவரிடம் இருக்கிறது என்றால், இடையில் வந்தது என்றுதான் பொருள். வலப்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டவை இரண்டு: ராக்கிகடியில் கிடைத்தது ஒரே ஒருவர், மரபணு மொழி பேசாது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இன்றைய தெற்காசியர்களின் மரபில் மிகப் பெரிய பங்கு அந்தச் சிந்துவெளி மக்களை ஒத்தவர்களிடமிருந்து வந்தது. வடக்கு, தெற்கு என்ற பேதமில்லாமல் எல்லோரும் கலப்புதான். "தூய" என்ற சொல்லை யாரைப் பற்றியும் எழுத இடமில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்து இது. மொழி வெளியிலிருந்து வந்தது, அதோடு கொஞ்சம் மனிதர்களும் வந்தார்கள், வேதம் இங்கே பிறந்தது. விடையில் இதைக் கடைசிப் பத்தியில், "இன்று கிடைக்கும் சான்றுகளின்படி" என்று தொடங்கி இரண்டு வரியில் முடித்துவிடுவேன். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். 20 மதிப்பெண் விடைக்குக் கிடைப்பது 14 நிமிடம். அதில் பத்து நிமிடமாவது சான்றுகளுக்குப் போக வேண்டும்.

நண்பரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாளை மாற்றிக்கொண்டு திருத்தினோம். மாற்றுக் கருத்துள்ள ஒருவரிடம் தாளைக் கொடுப்பதைவிடச் சிறந்த பயிற்சியை நான் பார்க்கவில்லை. என் தாளில் 'களம்' வரும் இடத்தில் அவர் நிறுத்திக் கேட்பார். அவர் தாளில் குதிரை வரும் இடத்தில் நான் கேட்பேன். நான்காம் மாதிரித் தேர்வில் அதே கேள்வி திரும்ப வந்தது. எனக்கு 12, அவருக்கு 12. என் தாளில் சரஸ்வதிப் பத்திக்குப் பக்கத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: "ஹரஹ்வைதி எங்கே?" அவெஸ்தாவில் அதே பெயரோடு ஆப்கானிஸ்தானத்தில் ஓர் ஆறு இருப்பதை எழுத மறந்திருந்தேன். நண்பர் தாளில் அது இருந்தது.