கடற்கரையிலிருந்து நகரமைப்புப் படிக்க வருகிறவர்களுக்கு

நகரமைப்புப் படியுங்கள் என்று ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "அது சிவில் இன்ஜினீயரிங்தானே சார்?" என்று கேட்கிறார்கள். பாலத்தைக் கட்டுவது பொறியாளர் வேலை. பாலம் வந்தபின் ராமேசுவரத்துக்கு வந்து குவியும் கூட்டத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வரும், குப்பை எங்கே போகும், மீனவர் படகை எங்கே ஏற்றி வைப்பார் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது நகரமைப்பாளர் வேலை. நான் மண்டபம் பக்கத்துக்காரன். கட்டடக்கலை படித்து, கேட் என்னும் முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி, நகரமைப்பில் முதுகலையான எம்.பிளான் முடித்து, இப்போது அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். நம் பக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்கள் மத்திய அரசு நிறுவனங்களில் நகரமைப்பு இளங்கலையான பி.பிளான் சேர, தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 2பி தாள் எழுத வேண்டும். மொத்தம் 400 மதிப்பெண். அதில் பாதி திறனறிப் பகுதிக்கு. மீதி கணிதத்துக்கும் திட்டமிடல் கேள்விகளுக்கும் நூறு நூறாகப் பிரிகிறது. பட்டம் முடித்தவர்களுக்கு கேட் தேர்வின் 'கட்டடக்கலை மற்றும் திட்டமிடல்' தாள் இருக்கிறது. அதில் பொதுப் பகுதிக்குப் பிறகு கட்டடக்கலை, திட்டமிடல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எம்.பிளான் சேர நினைக்கிறவர்கள் தயங்காமல் திட்டமிடலையே எடுங்கள். தமிழ்நாட்டுக்குள் படிக்க விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா என்னும் முதுகலை நுழைவுத் தேர்வு உண்டு. புவியியல், பொருளியல், சமூகவியல் முதுகலைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. தகுதி விதி இடத்துக்கு இடம் மாறும்; அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எப்படிப் படிப்பது. நகரங்கள் எங்கே அமைகின்றன, எப்படி வளர்கின்றன என்று சொல்லும் கோட்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பர்கெஸின் வட்ட மண்டலங்கள் 1925, கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு 1933, ஹோயிட்டின் துண்டுகள் 1939, ஹாரிஸும் உல்மேனும் சொன்ன பல மையங்கள் 1945. பொருத்துக கேள்விகளுக்கு இந்த ஆண்டுகள் தேவைதான். ஆனால் கோட்பாடு மனத்தில் நிற்க வேண்டுமானால் அதை நம் ஊர் மண்ணில் இறக்கிப் பார்க்க வேண்டும். பர்கெஸ் கண்ட சிகாகோவில் வசதி கூடக் கூட மக்கள் ஊருக்கு வெளியே நகர்ந்தார்கள். கீழக்கரையிலோ வணிகக் குடும்பங்களின் பெரிய வீடுகள் பழைய பள்ளிவாசலைச் சுற்றிய குறுகிய தெருக்களில் நெருங்கி நிற்கின்றன. ஏன்? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான சமவெளி என்று கிறிஸ்டாலர் வைத்துக்கொண்டார். ஓர் ஊர்க் கடைத்தெருவுக்கு ஆட்கள் வரும் பரப்பு என்று அவர் வரைந்த அறுகோணத்தைக் கடலோரத் தொண்டியின் மேல் வரைந்தால் பாதி கடலுக்குள் விழும். அப்போது தொண்டிக் கடைத்தெருவுக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? இந்தக் கேள்விகளோடு ஒரு மாலை நடந்துவிட்டு வந்தால் அந்தப் பாடத்தை மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

இந்த முறையை நான் கற்றுக்கொண்டது நகரமைப்பு முன்னோடி பேட்ரிக் கெடிஸின் வாழ்க்கையிலிருந்து. பாடத்திட்டத்தில் அவருக்கு இரண்டு வரி கிடைக்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்; பட்டம் எதுவும் பெறாதவர்; தாவரவியல் அறிஞர். 1879-இல் மெக்சிகோவில் சில காலம் பார்வை மங்கிப்போனதால் நுண்ணோக்கியை விட்டு விலக நேர்ந்தது. கவனம் மெல்ல மெல்ல மனிதர்களிடமும் ஊர்களிடமும் திரும்பியது. 1888 முதல் டண்டியில் தாவரவியல் பேராசிரியர். அங்கே கோடைப் பருவத்தில் மட்டும் வகுப்பு, மற்ற மாதங்களில் நகர ஆய்வு. 1914-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் தனிக் கப்பலில் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல்தான் அடுத்த மாதம் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டுச் சேகரிப்பு கடலோடு போனது. மனிதர் கலங்கி உட்காரவில்லை. நண்பர்கள் துணையோடு மறுபடி திரட்டி, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெருக்கடியைக் குறைக்க நேர்கோட்டுத் தெருக்களைப் போடலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. அதன்படி பல வீடுகள் இடிபட்டிருக்கும். கெடிஸ் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். பாழடைந்த மனைகளைத் திறந்துவிட்டு, இருக்கும் சந்துகளைச் சற்று அகலப்படுத்தினாலே போதும் என்று காட்டினார். முதலில் ஆய்வு, அப்புறம்தான் திட்டம். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியரான பிறகும் இதையே கற்பித்தார். இடம், தொழில், மக்கள் மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் வரைபடத்தில் கோடு போடாதே என்பது அவர் கொள்கை.

நம் கடற்கரையில் இதைப் பொருத்திப் பாருங்கள். மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். படகுகள் தென்கடலுக்கு மாறும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது மறுபடி வடக்கே. ஆக, ஆண்டில் சில மாதங்கள் ஒரு கரை வெறிச்சோடித்தான் கிடக்கும். அந்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து நிலப் பயன்பாடு குறிக்கிறவர் 'காலி நிலம்' என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்து அங்கே விடுதி வரும். படகு திரும்பி வரும்போது ஏற்றி வைக்க இடமிராது. கருவாடு காயும் மணலும், கரைவலை இழுக்கும் இடமான பாடும், வலை பின்னும் பந்தலும் இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன. இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி, கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் குறித்தாக வேண்டும். குறிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

தேர்வுக்கும் இது உதவும். அந்தக் கடற்கரை மண்டல அறிவிப்பின் 2019 வடிவத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில் கட்டுமானத் தடைப் பகுதி உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 50 மீட்டர். அடர்த்தி குறைந்த இடங்களில் 200 மீட்டர். உங்கள் ஊர் எந்தப் பிரிவில் வருகிறது, அந்தக் கோடு யார் வீட்டு வாசலில் விழுகிறது என்று பார்த்துவிட்டால் இந்த எண்கள் மறக்கவே மறக்காது.

படித்து முடித்தபின் அரசு வேலையா, ஆசிரியர் வேலையா என்று கேட்கிறார்கள். நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தை வரிக்கு வரி படித்தவர்களுக்கு அது கைகொடுக்கும். கற்பித்தலில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஆண்டுதோறும் ஒரு வகுப்பையே தேவிபட்டினத்துக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிச் சென்று அளக்கவும் விசாரிக்கவும் வைக்க முடிகிறது. அதற்காகவே நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

எம்.பிளான் ஆய்வேட்டுக்குத் தலைப்பு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1964 புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் குடிநீரையும் பள்ளிக்கூடத்தையும் எந்தத் திட்டத்தில் சேர்ப்பது? ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு அத்தனையும் கரைக்குத் திரும்பும்போது எவ்வளவு இடம் வேண்டும்? இரண்டில் எதை எடுத்தாலும், வழிகாட்டும் பேராசிரியரைப் பார்க்கப் போகுமுன் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அந்தக் கரையில் பார்த்துக் குறிப்பெடுத்து வையுங்கள்.