இன்சுலினின் மூன்று பாலங்கள்

காலாப்பட்டில் உயிர்த்தகவலியல் படிக்கும் அக்கா மகளுக்காக, நேற்றிரவு இன்சுலின் மூலக்கூறை அதை எழுத்தில் குறிக்கும் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அமினோ அமிலங்களை ஓரெழுத்துகளாக அடுக்கும் ஃபாஸ்டா, 21 அமிலங்களும் 30 அமிலங்களும் கொண்ட இரு சங்கிலிகளையும் தந்துவிடுகிறது; அவற்றைக் கட்டியிருக்கும் டைசல்ஃபைடு பாலங்களை, அதாவது கந்தகப் பிணைப்புகளைப் பற்றி மட்டும் மூச்சுவிடுவதில்லை. மூலக்கூறை அணு அணுவாக ஒரே வரியில் எழுதும் ஸ்மைல்ஸில் அணுக்கள் அத்தனையும் இருக்கின்றன, ஆனால் பல நூறு எழுத்துகள் நீளும் அவ்வரியில் எந்த அமிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் தேடுவது வீண்வேலை.

ஃபைசர் மருந்து நிறுவனத்தில் உருவாகி 2012இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்த ஹெல்ம் முறையே எனக்குப் பிடித்தது. சங்கிலிகளை முதலில் எழுதிவிட்டு, முதற்சங்கிலியின் 6ஆம் இடம் அதன் 11ஆம் இடத்தோடும், 7ஆம் இடம் இரண்டாம் சங்கிலியின் 7ஆம் இடத்தோடும், 20ஆம் இடம் இரண்டாம் சங்கிலியின் 19ஆம் இடத்தோடும் சேர்கின்றன என்று அது தனியே குறித்துவிடுகிறது.

ஆர்டிகிட் என்ற வேதியியல் மென்பொருளில் ஹெல்மிலிருந்து ஸ்மைல்ஸுக்குப் போக இரண்டே கட்டளைகள் போதும்; திரும்பி வருவதுதான் பெரும்பாடு. எந்த அணு எந்த அமிலத்தைச் சேர்ந்தது என்ற விவரம் ஸ்மைல்ஸில் இல்லாததால், பிழைச்செய்தி கூட இல்லாமல் வெற்று வரியே வந்தது. “மாமா, கணினி தூங்கிவிட்டதா?” என்று கேட்டவள், பிறகு ஹெல்ம் கோப்புக்கு ‘அசல்’ என்று பெயரிட்டுத் தனியே எடுத்து வைத்தாள்.