சிமென்ட்டோடு சண்டை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பழைய வீடுகளைச் சீரமைக்கும் குழுவில் பொறியாளராக இருந்தபோது, நான் அதிகம் சண்டை போட்டது சிமென்ட்டோடுதான். எங்கள் வேலையில் பெரும்பகுதி ட்ரமே பகுதியில். அடிமைமுறை நடப்பில் இருந்த காலத்திலேயே சுதந்திரக் கறுப்பர்கள் சொந்தமாக மனை வாங்கி வீடு கட்டிய இடம் அது.

அங்கே ‘ஷாட்கன்’ வீடுகள் ஏராளம். நடைவழி கிடையாது, அறைக்குப் பின்னால் அறை. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்தால் காற்று வீட்டுக்குள் நேராக ஓடும். ஆப்பிரிக்காவிலிருந்து ஹெய்ட்டி வழியாக வந்த வடிவம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். மனைகள் குறுகல், அதுதான் காரணம் என்பாரும் உண்டு. இரண்டும்தான் என்பது என் கணிப்பு. சில பழைய வீடுகளில் பூச்சைப் பெயர்த்தால் படகுப் பலகைகள் வரும். மிசிசிப்பியில் சரக்கோடு மிதந்து வந்த படகுகளால் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது. உடைத்து மரமாக விற்றுவிடுவார்கள்.

வீட்டைத் தாங்குவது குட்டையான செங்கல் தூண்கள். கல் மிருதுவானது, அதற்கேற்ற சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும். பின்னாளில் யாரோ நல்லது செய்வதாக நினைத்து இடுக்குகளில் சிமென்ட் பூசியிருப்பார்கள். அப்புறம் ஈரத்துக்குக் கல்தான் வழி. உள்ளே உப்புப் பூத்து, கல்லின் முகம் பொரிந்து உதிரும். சிமென்ட் மட்டும் கம்பீரமாக நிற்கும்! எங்கள் குழுவின் மூத்த கொத்தனார், பரம்பரையாக இந்தத் தொழில் செய்கிறவர், சாவியால் கீறிப் பார்ப்பார். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கீறல் விழவில்லையென்றால் முகத்தைச் சுளிப்பார்.

கான்கிரீட் செய்த பெரிய சேதம் கிளைபோர்ன் அவென்யூவில் இருக்கிறது. முன்பு சாலை நடுவே வரிசையாக ஓக் மரங்கள், இருபுறமும் கறுப்பர்களின் கடைகள், மார்டி கிரா திருவிழா அன்று மரத்தடியில் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு. 1966இல் மரங்களை வெட்டி, அதன்மேல் ஐ-10 நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பாலத்தை இடிக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. 2021இல் வெள்ளை மாளிகையே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

கொத்தனாருக்கு இதில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். “இடித்தால் வாடகை ஏறும். எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள்?” என்றார். வீட்டுவரியும் சேர்ந்து ஏறும் என்று பக்கத்திலிருந்தவர் எடுத்துக்கொடுத்தார். என் கணக்கில் இதெல்லாம் இல்லவே இல்லை.