நேரம் கிடைக்கவில்லை சார்

"உள்ளே பெயிண்ட் அடிக்கவில்லையா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை சார், நேரம் கிடைக்கவில்லை" என்றேன்.

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

2016-இல் ஒரு கல்லூரி வாசலில், காட்சிக்கு நிறுத்திய பழைய போர் விமானத்தருகே நடந்த பேச்சு இது. மூன்றே வரிகள். இன்றும் இரவில் தூக்கம் கலைந்தால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நேரம் கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய். இரண்டு நாள் வேலையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

டைப் 77 என்று விமானப் படையில் நாங்கள் சொல்லும் மிக்-21 எஃப்எல் ரகப் போர் விமானம் 2013 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா தளத்தில் ஓய்வு பெற்றது. அப்படி ஓய்வு பெற்ற விமானங்கள் ஊர் ஊராகக் காட்சிக்குப் போயின. படையிலிருந்து வந்த பிறகு, அவற்றைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுக்கும் ஒப்பந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்தேன். தாம்பரத்தில் ஏர்ஃபிரேம் என்னும் விமான உடற்பகுதிப் பயிற்சி, அசாமின் தேஜ்பூரில் ஐந்து ஆண்டுகள் இதே ரகத்தில் வேலை. அதனால் என்னைத் தேடி வந்தார்கள். எஞ்சின் கிடையாது, ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கையின் வெடிமருந்து கிடையாது. இறக்கைகள் தனியாக, உடல் தனியாக டிரெய்லரில் வந்து இறங்கும். நான்கு பையன்களை வைத்துக்கொண்டு கிரேன் பிடித்துப் பூட்ட வேண்டும்.

அந்தக் கல்லூரியின் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் செல்பேசியில் ஒரு புகைப்படம் காட்டினார். 1971 போரில் பறந்த டைப் 77. பக்கவாட்டில் 'சி' என்று தொடங்கும் எண். "இந்த எண்ணையே எழுதிவிடுங்கள். போரில் பறந்த விமானம் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை. பெயிண்ட்தானே?" என்றார்.

"எழுதலாம் சார்" என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. எங்கள் கைக்கு வந்த விமானம் போர் முடிந்த பிறகு நாசிக் அருகே உள்ள ஓஜர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகை மீது ராக்கெட் ஏவிய மிக்-21 விமானங்கள் இதே ரகம்தான். ஆனால் இது அவற்றில் ஒன்று அல்ல. தேஜ்பூரில் புதுப் பையன்களுக்குப் போர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தே இதன் கடைசி ஆண்டுகள் கழிந்தன. அதுவும் சாதாரண வேலையா? மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடுதளத்தைத் தொட்டு, வாலில் பாராசூட் விரித்து நிற்கும் விமானம் இது. இருபத்திரண்டு வயதுப் பையன்கள் முதல்முறை தனியாக இறங்கும்போது தரையில் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அந்தக் கதையை எழுதிவைக்க யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எண் என்றால் என்ன என்று பிறகு என்னையே கேட்டுப் பார்த்தேன். மிக்-21-இன் மூடிகளைக் கழற்றினால் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் விமான எண்ணின் கடைசி இலக்கங்களை ஸ்டென்சில் வைத்து எழுதியிருப்போம், ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆனாலும் போகும். உதிரிபாகம் வராத காலத்தில் நின்றுபோன விமானத்திலிருந்து கழற்றித்தான் பறக்கும் விமானத்தில் மாட்டுவோம். கல்லூரிக்கு வந்த அந்த உடலில் மட்டும் மூன்று வெவ்வேறு எண்கள் கொண்ட மூடிகள் இருந்தன. இடது இறக்கை வேறு எங்கிருந்தோ வந்தது. அப்படியிருக்க எதை உண்மையான எண் என்பது? வெளியே எழுதுவதை மட்டும் நான் மாற்றினால் என்ன பாவம்?

2018-இல் இன்னொரு சமாதானமும் கிடைத்தது. அயர்லாந்தில் கழிவாகக் கிடந்த ஒரு டக்கோட்டா சரக்கு விமானத்தை வாங்கிப் புதுப்பித்து விமானப் படைக்குக் கொடுத்தார்கள். அதற்கு விபி 905 என்ற எண்ணை வைத்தது விமானப் படையே. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிப்போன டக்கோட்டாவின் எண் அது. படையே செய்யலாம், நான் செய்யக் கூடாதா என்று மனைவியிடம் வாதாடினேன். "அவர்கள் ஊரறியச் சொல்லிவிட்டு வைத்தார்கள். நீங்கள் சொன்னீர்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திறப்பு விழாவுக்கு வந்த ஓய்வு பெற்ற விங் கமாண்டர் இந்த ரகத்தை ஓட்டியவர். கூட்டம் பந்தியை நோக்கிப் போன பிறகு அவர் மட்டும் விமானத்தருகே நின்றார். எண்ணைப் பார்த்தார். "1974-இல் இதில் பறந்திருக்கிறேன். இதே எண்" என்றார். நான் உடனே "அப்படியா சார், சந்தோஷம்" என்றேன். இந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எண்ணை எழுதியது நிர்வாகம் கேட்டதற்காக. சந்தோஷம் என்று சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிறகு அவர் சுற்றி வந்தார். பறப்பதற்கு முன் விமானி எப்படிச் சுற்றி வருவாரோ, அதே வரிசையில். மூக்கின் கூம்பைத் தொட்டார். டயரைக் காலால் தட்டினார். முன் சக்கரம் மடங்கிப் போகும் வீல் பே அருகே வந்ததும் குனிந்து தலையை உள்ளே நீட்டினார். அங்கே பழைய பச்சைப் பூச்சு அப்படியே இருந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து காய்ந்த சிவப்புக் கறை இருந்தது. கதவின் உட்புறத்தில் உண்மையான எண்ணின் இலக்கங்கள் இருந்தன. ஸ்பிரே துப்பாக்கியை மூன்று முறை அங்கே கொண்டுபோய் மூன்று முறையும் திரும்ப எடுத்துவிட்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் நேர்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது கூச்சம். என் கையால் எழுதிய இலக்கங்களாகக்கூட இருக்கலாம்.

அவர் நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். அரை நிமிடம் இருக்கலாம், எனக்கு நெடுநேரம்.

படித்தாரா? வெயிலிலிருந்து நிழலுக்குள் நீட்டிய கண்ணுக்குச் சட்டென்று எதுவும் தெரியாது. வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. ஆனால் பெயிண்ட் இல்லை என்பது தெரிந்தவருக்கு எழுத்து தெரியாமலா போகும்? "அப்படியே இருக்கட்டும்" என்றது பழைய பூச்சைப் பார்த்த பாசமா, "கண்டுபிடித்துவிட்டேன், பிழைத்துப் போ" என்பதா? அதன் பிறகு விமானத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்தவன் நான்தான். எண் நன்றாகத் தெரிகிறதா என்று இருமுறை கேட்டார். படித்திருந்தால் இப்படிக் கேட்பாரா? படித்திருந்ததால்தான் கேட்டாரோ?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 முழுவதுமாக விடைபெற்றது. 1963-இல் அதன் முதல் படைப்பிரிவு தொடங்கியதும் அங்கேதான். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். மழையில் நிறம் மங்கிவிட்டதாம், மறுபடி அடித்துத் தர வேண்டுமாம். "சக்கரத்துக்கு மேலே உட்புறம் துருப்பிடித்துக் கேவலமாக இருக்கிறது. இந்த முறை அதையும் சேர்த்து அடித்துவிடுங்கள்" என்றார் அலுவலகப் பையன்.

விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பலகையில் போரில் பறந்தது என்றே இன்னும் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "ஆமாம் சார், அதற்கும் புதுப் பெயிண்ட்" என்றான்.

எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். வீல் பேக்கான தொகையை மட்டும் தனியாக எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். தாள் மேசை மேலேயே கிடக்கிறது.