மூடுபனியில் நேர்கோடு: சித்தப்பா, செம்பி, ஒரு காம்பஸ்

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் பழக எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பாதை கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டத்தில், மலைமேல் குறித்து வைத்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். வெயில் நாளில் இதற்கு எந்தத் திறமையும் வேண்டாம். உச்சியைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பனி இறங்கிவிட்டால் பழகிய சரிவுகூட வேற்றிடம் ஆகிவிடுகிறது. மேடு எது, பள்ளம் எது என்பதைக் கால்தான் சொல்லும்.

கால் சொல்வதை மட்டும் நம்பவும் முடியாது. 2009ஆம் ஆண்டு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் சிலரைக் காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தவர்கள், அது மறைந்ததும் வட்டமடித்துத் தாங்கள் நடந்த தடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வட்டமடிப்பது அவர்களுக்கே தெரியவில்லை. கண்ணைக் கட்டி விட்டபோது சிலரின் வட்டம் 20 மீட்டர் விட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து பனியில் "எனக்குத் தெரியும், இப்படித்தான்" என்ற சொல்லுக்கு எங்கள் நடையில் இடமில்லை.

சித்தப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடி எண்ணி நடப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஒரே கால் மறுபடி தரையில் படுவது ஓர் இரட்டை அடி; சமதரையில் 100 மீட்டருக்கு அவருக்கு 62 இரட்டை அடி. ஈரப்புல் ஏற்றத்தில் 80ஐத் தாண்டும். ஒவ்வொரு நூறு மீட்டர் முடிந்ததும் இடது பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை வலது பைக்கு மாற்றிவிடுவார். பேச்சுக் கொடுத்தாலும் கணக்கு தவறாது என்பதற்கு அந்தக் கற்கள்தான் காவல். காம்பஸ் என் பொறுப்பு. செம்பி எங்கள் வீட்டுச் செவலை நாய்.

கிளம்புமுன் எது எந்தப் பனி என்று பார்த்துக்கொள்கிறோம். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிந்து பள்ளத்தாக்கில் தேங்கும்; அங்கே மூடுபனி நிற்கும், மேலே ஏற ஏற வானம் திறக்கும். மேகமே மலைமேல் உட்கார்ந்திருக்கும் நாள் இதற்கு நேர்மாறு: அடிவாரம் தெளிவாக இருக்கும், ஏற ஏற மூட்டம் அடர்த்தியாகும், காற்றும் கூடும். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது வகை. சராசரியாக 1,000 மீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதையும் காற்றையும் சேர்த்துத்தான் உடுப்பை முடிவு செய்தோம்.

கல்சுவரின் மூலையிலிருந்து உச்சியிலுள்ள கற்குவியல் வரை 900 மீட்டர் தூரம், 90 மீட்டர் ஏற்றம். நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்த விதி இன்றைக்கும் கைகொடுக்கிறது. 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது அவர் கணக்கு. ஏறக்குறைய 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று என்பதால், தாண்டும் கோட்டுக்கு ஒரு நிமிடம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று நிதானமாக நடந்தால் தூரத்துக்குப் பதின்மூன்றரை நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்பது. நல்ல வெளிச்சத்தில் இருபத்துமூன்று நிமிடத்தில் முடிகிற வேலை.

பனியில் அப்படி முடியாது. திசை ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் முடிவில் 17 மீட்டர் விலகிப் போயிருப்போம். அன்று 20 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இரண்டு டிகிரி போதும், கற்குவியலை உரசாமலே கடந்து போய்விடலாம். அதனால் ஒருவரை அடையாளமாக முன்னே நிறுத்தி நகரும் முறையைக் கையாண்டோம். கற்குவியல் இருக்கும் திசைக்கு நான் காம்பஸைப் பிடித்து நின்றிருப்பேன். சித்தப்பா முன்னே போவார். உருவம் மங்கத் தொடங்கும்போது நான் நிறுத்துவேன்.

"இடது பக்கம் இரண்டடி, சித்தப்பா."

"போதுமா அம்மா?"

"இன்னும் ஓரடி. அங்கேயே நில்லுங்கள்."

அவர் நிற்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அவர் முன்னே போவார். காம்பஸ் பிடிக்கும்போது செல்பேசி மேல்சட்டைப் பையில் இருக்கக் கூடாது. அதன் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது, முள் நகர்ந்துவிடும். நான் அதை முதுகுப்பையின் அடியில் போட்டுவிடுகிறேன்.

செம்பியை யாரிடம் விடுவது என்பதுதான் இந்தக் குளிர்காலத்தின் பெரிய கேள்வியாக இருந்தது. தொடக்கத்தில் அவள் முன்னே போகும் சித்தப்பாவிடம் இருந்தாள். நாய்க்கு வழி தெரியும் என்று எல்லோரும் சொல்வதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவள் மூக்குக்கு எட்டும் தடம் நம் அறிவுக்கு எட்டாது. ஆனால் அந்தத் தடம் யாருடையது என்பது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. பழகிய பாதையில், தெளிந்த நாளில், கவடு பிரியும் இடங்களில் கயிற்றைத் தளர்த்தி அவள் போக்கில் விட்டுப் பார்த்தோம். ஆடுகள் போன தடத்தைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தாள். ஆட்டுத் தடங்கள் சரிவைக் குறுக்காக அணைத்துப் போகும், உச்சிக்குப் போகா. பனியிலும் அதுவே நடந்தது. சித்தப்பா நேராக நடக்க நினைப்பார், செம்பி வலப்பக்கம் இழுப்பாள், நான் திருத்திக்கொண்டே இருப்பேன்.

பிறகு அவளை என்னிடம் மாற்றிக்கொண்டோம். முதலில் முனகினாள். சித்தப்பா பனிக்குள் கரைந்து போவதைப் பார்த்துக் காதுகளை முன்னே தள்ளி, முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து நின்றாள். அவர் நின்றதும் "வா" என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான், கயிறு விறைத்துவிடும். ஆட்டுத் தடமும் வேண்டாம், முயல் வாசமும் வேண்டாம், அவர் முழங்காலை நோக்கி ஒரே இழுப்பு. சரிவைக் குறுக்கே கடக்கும்போது மனிதர் கால் தானாகவே கீழ்ப்பக்கம் சறுக்கிக்கொண்டே போகும். செம்பியின் கயிறு என்னைக் கோட்டிலேயே வைத்திருந்தது. என் கண் ஈரப்பாறைகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. முன்னே போகும் சித்தப்பாவும் இழுப்பில்லாமல் நடந்ததால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு திருத்தமே போதுமாக இருந்தது. வழி கண்டுபிடிப்பது அவள் வேலையன்று. கூட்டத்தில் ஒருவர் தள்ளி நிற்பது அவளுக்குப் பொறுக்காது. அந்தப் பொறுக்காமையே எங்களுக்கு வேண்டிய நேர்கோடு. நாயோடு நடப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

கயிறு அவிழ்த்து விடுவது பனியில் கூடவே கூடாது. கன்றோடு நிற்கும் மாடு பத்தடியில் வந்த பிறகுதான் தெரியும். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றைக் கைவிட்டுவிட வேண்டும். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், மாட்டின் கோபமும் நம்மை விட்டு அதன் பின்னே போகும்.

பாதிவழியில் ஒரு பாறை மறைவில் நின்றோம். செம்பியின் மீசை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்த்துளி, புருவத்திலும் அப்படியே. சித்தப்பா மண்டியிட்டு அவள் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பெருவிரலால் விலக்கினார். உறைந்த புல்லில் நடந்ததில் மயிரோடு சேர்ந்து மிளகளவு பனிக்கட்டி இறுகியிருந்தது. பிய்க்காமல், உள்ளங்கைச் சூட்டில் பிடித்து உருக்கி எடுத்தார். நாயின் பாதத்தில் சூடான ரத்தம் வரும் தமனியும் குளிர்ந்த ரத்தம் திரும்பும் சிரைகளும் ஒட்டி ஓடுவதால், திரும்பும் ரத்தம் வழியிலேயே சூடேறிவிடுகிறது; 2011ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். பாதம் குளிரைத் தாங்கும், விரலிடுக்கில் கட்டி இறுகினால் தாங்காது. வயிற்றுப்பக்கம் நனைந்துவிட்டால் ரோமம் இருந்தும் பயனில்லை, அதனால் துண்டால் ஒற்றித் துடைத்தோம். அவளுக்கு நடுக்கம் கண்டாலோ நடை தளர்ந்தாலோ அந்த இடத்திலேயே திரும்பிவிடுவது என்பது நாங்கள் வைத்திருக்கும் விதி. உச்சி அதற்குப் பிறகுதான்.

கடைசி முந்நூறு மீட்டரில் மூட்டம் சற்று இளகி முதுகுப்பக்கம் தாழ்ந்த வெயில் விழுந்தது. முன்னே நின்ற மூடுபனியில் எங்கள் நிழல்கள் நீண்டு விழ, என் தலைநிழலைச் சுற்றி வண்ண வளையம்! "எனக்குத்தான் இருக்கிறது, உனக்கு இல்லையே" என்றார் சித்தப்பா. எனக்கோ அவர் நிழலில் ஒன்றுமில்லை. அவரவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், நீர்த்துளிகள் ஒளியை அவரவர் கண்ணுக்கே திருப்பி அனுப்புவதால் வருவது இது. 1894ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் இப்படிப்பட்ட வளையங்களைப் பார்த்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அதை ஆய்வகத்தில் உண்டாக்க மேகம் செய்யப்போய், துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையைக் கண்டுபிடித்து 1927இல் நோபல் பரிசு பெற்றார். செம்பியின் தலை வளையத்துக்கு வெளியே இருந்தது. அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ, நிழலைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

மீண்டும் மூடிக்கொண்டது. ஒன்பதாவது கூழாங்கல் பை மாறிய இடத்தில் நின்று, கோட்டைப் பிடித்தபடி இரு பக்கமும் கயிற்று நீளத்துக்குத் தேடினோம். கற்குவியல் இடப்பக்கம், எட்டு மீட்டருக்குள் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது; வெளிச்சக் கணக்கைப் போல இரண்டரை மடங்கு. பனி நாளுக்கு இந்த மடங்கையே இனி திட்டத்தில் போடப் போகிறோம். பகல் குறுகிய பருவத்தில் திரும்பும் நேரத்தை முடிவு செய்வது இந்தக் கணக்குதான். தலைவிளக்கை நம்பி நேரத்தை நீட்டவும் முடியாது. நெற்றியிலிருந்து விழும் ஒளி பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்ப அடிக்கிறது. இடுப்பளவில் கையில் பிடித்தால் தரை ஓரளவு தெரிகிறது.

அடுத்து, இறங்கும்போதும் இதையே செய்து பார்க்க வேண்டும். இறக்கத்தில் அடியின் நீளம் மாறும், செம்பியின் இழுப்பும் கீழ்நோக்கி இருக்கும், சறுக்கும் அபாயம் எனக்கு. இழுப்பு தோளில் விழாமல் இடுப்பில் விழும்படி கயிற்றைப் பட்டையோடு மாட்டப் போகிறேன். சித்தப்பா 100 மீட்டர் நாடா பிடித்துத் தன் இறக்க அடியை அளந்து குறித்துவிட்டார். என்னுடையதை வருகிற வாரம் அளக்கிறோம்.